ஆகாயத்துக்கு எடுத்துப்போன மண்

வளர்மதிக்குக் குலுக்கலில் விழுந்தது மிக்சி. செஞ்சியில் அவள் விதைக்கு வேர்க்கடலை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டை, வாங்கிய கடையில் பொங்கலுக்குக் கூப்பன் கொடுத்திருந்தார்கள். முதல் பரிசு ஆறு பேருக்கு. புதுச்சேரியில் குட்டி விமானம் ஏறி, செஞ்சிக் கோட்டையையும் ஊரையும் ஏரியையும் மேலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கலாம். அந்த ஆறில் ஒன்று அவள் தெருவின் கடைசி வீட்டுச் சுந்தராம்பாளுக்கு. இன்னொன்று கலியபெருமாளுக்கு.

“எனக்கு டவுன் பஸ்ஸுல குந்துனாலே கொமட்டும்” என்று புலம்பிக்கொண்டிருந்தாள் சுந்தராம்பாள். வளர்மதி மிக்சியை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள்.

“சீட்ட எனக்குக் குடுக்கா.”

“இன்னாடி இது! அம்மியில அரைச்சி அரைச்சி உன் கையே தேஞ்சி கெடக்குது. நீயே வெச்சிக்க.”

“நான் அரைக்க வேண்டிய ஆளு அந்தப் பிளேன்லதாங்க்கா போறான்.”

யாரைச் சொல்கிறாள் என்று சுந்தராம்பாளுக்குத் தெரியும். சிங்கவரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் வாய் திறக்காமல் சீட்டைக் கொடுத்தாள். அந்த ஊர் ஆறு வருஷமாகச் செய்துவருவதும் அதைத்தான், வாய் திறக்காமல் இருப்பது.

வளர்மதியின் நைனா தாண்டவராயனுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். ஒரே மகள் என்று அதை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கலியபெருமாள் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவனுடைய நான்கு ஏக்கர் ஏரிக்கும் அவள் நிலத்துக்கும் நடுவில் கிடந்தது. மதகிலிருந்து வரும் வாய்க்கால் அவன் நிலத்தை வளைத்துக்கொண்டுதான் அவள் நிலத்துக்கு வரும். தாத்தா காலத்தில் கையால் வெட்டிய வாய்க்கால். ‘பொட்டச்சிக்கு எதுக்கு நஞ்சை?’ என்று அவன் சாராயக்கடையில் சொன்னதாகக் காதில் விழுந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் பார்த்திபனுக்கு அந்த வருஷமே காலொடிந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். திரும்பி வந்தபோது வாய்க்கால் இல்லை. கலியபெருமாள் ஜேசிபி விட்டுத் தூர்த்து, உழுது, விதையும் போட்டிருந்தான். அளக்க வந்த சர்வேயர் நிலப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெக்கார்டுல இல்லியேம்மா” என்றார்.

பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியதனக்காரர் பாவாடை நடுவில் உட்கார்ந்தார். வாய்க்காலில் குளித்து வளர்ந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுப்புக்கு டிராக்டர் அனுப்புகிறவன் கலியபெருமாள்தானே. அவன் எழுந்து நின்று, “நான் மலையனூருல கற்பூரம் அணைக்கிறேன்” என்றான்.

அதற்குமேல் பேச்சில்லை. அங்காளம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை ஊர் திரும்பக் கிளறக்கூடாது. பொய்யென்றால் அவள் பார்த்துக்கொள்வாள். அந்த அமாவாசையில் பாவாடையே தட்டைப் பிடித்துக்கொண்டார். கலியபெருமாள், “அங்க வாய்க்கா இருந்ததே இல்ல” என்று சொல்லி வலது கையை வைத்து அணைத்தான். கையில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

வந்ததெல்லாம் வேறு. மாடி வந்தது, இரண்டாவது டிராக்டர் வந்தது, வாசலில் கட்டிப்போட ஒரு நாய் வந்தது. வளர்மதி நெல்லை விட்டு மானாவாரி மல்லாட்டைக்கு மாறினாள். மழை ஏமாற்றிய வருஷங்களில் செஞ்சிக்கு சைக்கிள் மிதித்து, அரிசி மில் களத்தில் அடுத்தவர் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தாள். ஒவ்வோர் அமாவாசையும் ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கி மலையனூருக்குப் போய், “இன்னும் எத்தினி நாளும்மா?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தன் நிலத்து மண்ணை வாரிக்கொண்டுபோய் அவன் வீட்டெதிரில் நின்று தூற்றினாள். வயிறெரிந்தவள் தூற்றிய மண் விழுந்த வீடு விளங்காது. ஆனால் மதில் உயரம், எதிர்க்காற்று வேறு. மண் திரும்பி அவள் கண்ணிலேயே விழுந்தது. மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான்.

“வளரு, கண்ணுல தண்ணி வுட்டுக் கழுவும்மா! ஐயோ, உனக்குத்தான் தண்ணி இல்லியே!”

அந்தச் சிரிப்பு அவள் காதில் குடியேறிவிட்டது. சோறு வடிக்கும்போது கேட்கும். களத்தில் நெல்லைத் துழாவும்போது கேட்கும். அதனால்தான் மிக்சி போனது. மதில் தடுக்கும், காற்று தடுக்கும். தலைக்கு நேர்மேலே போய்விட்டால் எது தடுக்கும்? மாசி பிறந்து ஐந்தாம் நாள், நிலத்தில் ஒரு பிடி செம்மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள்.

விமானம் ஷேர் ஆட்டோவை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சோதனை செய்தவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, “இன்னாம்மா இது?” என்றான். “மலையனூர் அம்மனுக்கு உண்டானது” என்றாள். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டான்.

பாவாடையும் வந்திருந்தார், மச்சானுக்கு விழுந்த சீட்டில், வெள்ளை வேட்டியும் குரங்குக் குல்லாயுமாக. சுற்றிக்காட்டும் பெண், அனு என்று பெயர், ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிவிட்டு உட்கார வைத்தாள். வளர்மதிக்கு ஜன்னலோரம். பக்கத்தில் கலியபெருமாள்.

“இன்னா வளரு, நீயுமா? மிக்சிய வித்துட்டு வந்தியாமே.”

விமானம் கிளம்பி மண்ணை விட்டதும் அவன் பேச்சு நின்றது. அவள் முடிச்சைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. திண்டிவனம் தாண்டியதும் செஞ்சியின் மூன்று மலையும் தெரிந்தன. பிறகு கோட்டை மதில், பஸ் நிலையம், மில் களத்தில் காய்கிற நெல் பாய்போல. பிறகு ஏரி. அதன் கீழே மொட்டைமாடியில் நீலத் தொட்டி வைத்த அவன் வீடு, தீப்பெட்டி அளவில்.

முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடியை நெம்பினாள். வரவில்லை. தாழ்ப்பாள் எங்கே என்று தடவினாள். ஒன்றுமே இல்லை. வழவழவென்ற ஒரே கண்ணாடி. ஆறு வருஷம் காத்து, மிக்சியைக் கொடுத்து, இத்தனை உயரம் ஏறி வந்தால், இங்கேயும் ஒரு மதில்.

இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். ஹெட்போனிலிருந்து வாயெதிரே நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு மொட்டு எதற்கென்று அவளுக்குத் தெரியாது. வாய்விட்டே ஆரம்பித்தாள்.

“அடே கலியபெருமாளு, எங்க நைனா செத்த ஈரம் காயறதுக்குள்ள வாய்க்காலத் தூத்தவனே, அம்மா மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிக் கற்பூரத்த அணைச்சவனே, நீ பெரண்டு படுத்தாலும் தூக்கம் வராமப் போவ. உன் நாக்குக்கு ஒரு சொட்டுத் தண்ணி…”

எல்லார் காதிலும் அது துல்லியமாக ஒலித்தது. விமானி திரும்பிப் பார்த்தார். பாவாடை குல்லாயைப் பிடித்துக்கொண்டார். அனு பதறிப்போய், பேச்சை மாற்றுவதற்காக, “எல்லாரும் கீழ பாருங்க, ஏரி பாருங்க” என்றாள்.

எல்லாரும் பார்த்தார்கள். கலியபெருமாளின் நான்கு ஏக்கர் மல்லாட்டை மாசி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பின் குறுக்கே, மதகில் புறப்பட்டு, புளியமரத்தைச் சுற்றி வளைந்து, வளர்மதியின் வரப்பில் போய் முட்டியது கருகருவென்று ஒரு பச்சைக் கோடு. வரப்பில் நின்றால் தெரியாது. மேலே வந்தால் மறைக்க முடியாது.

“அது இன்னாம்மா கோடு?” பாவாடைதான் கேட்டார்.

“அதுவா தாத்தா, பழைய வாய்க்கால் எதையாவது தூத்திருப்பாங்க. மண்ணு ஆழமா, ஈரமா இருக்கும் இல்ல? பயிரு அங்க மட்டும் பச்சையா நிக்கும். மேலேருந்து பாத்தா நிறைய ஊர்ல தெரியும்.”

வளர்மதி அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கவில்லை. கலியபெருமாளின் முகத்தைப் பார்த்தாள். அது கலைவதை, உதடு வெளுப்பதை, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து விமானம் சாய்ந்து திரும்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கம் கையை நீட்டினான்.

“வளரு… கையப் புடிச்சிக்கம்மா. வுழுந்துடப் போறேன்.”

நீட்டியது வலது கை. அவள் அதைத் திருப்பி, உள்ளங்கையில் அந்த ஒரு பிடி மண்ணையும் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

“புடிச்சிக்கண்ணே. நீ இல்லன்னு சொன்ன வாய்க்கா பாஞ்ச மண்ணுதான்.”

தரையிறங்கும்வரை அவன் கையைத் திறக்கவில்லை. இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தபோதும் அந்தக் கை மூடியே இருந்தது. பாவாடை அனுவின் போனில் அவள் எடுத்திருந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தட்டப் புடிச்சது நானு. என் கையும் இதுல இருக்குதுடா பாவி” என்றார். “இன்னிக்குப் பதினோராம் நாளு அம்மனுக்கு மயானக்கொள்ளத் திருநா. அதுக்குள்ள சரிபண்ணல, நீ தேர்வடத்தத் தொடக்கூடாது. கோயிலுக்கு உன் வூட்டு வரியும் வாங்க மாட்டோம்.”

அன்று பொழுது சாய்வதற்குள் படம் ஊர் வாட்ஸப்பில் எல்லார் கைக்கும் போனது. ஆறு வருஷம் வாய் திறக்காதவர்கள், “அதான், அதே வளைவுதான்! புளியமரத்தாண்ட நான் எரும குளிப்பாட்டியிருக்கேன்!” என்று குரல் அனுப்பினார்கள். வளர்மதி ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டாள். ஒருத்தரையும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் கலியபெருமாள் அவள் வாசலுக்கு வந்தான். ஜேசிபி வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

“அணைச்சது ஜேசிபியா?” என்றாள் வளர்மதி. “கைதான அணைச்சிது. கையே வெட்டட்டும்.”

“ஏய், அவந்தான் ஒத்துக்கினானே, வுடேன்” என்றான் பார்த்திபன் உள்ளேயிருந்து.

“நீ சும்மா இரு.”

ஏழு நாள் வெட்டினான். ஏழு நாளும் அவள் மில்லுக்குப் போகவில்லை. புளியமர நிழலில் உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஊர்க்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். “ஆழம் பத்தாது, எங்க தாத்தா முழங்கா ஆழம் வெட்டியிருந்தாரு” என்று ஒருமுறை சொன்னாள். அவன் திரும்பப் போய் வெட்டினான்.

ஏழாம் நாள் பிற்பகல், அவள் வரப்புக்கு நான்கு முழம் பாக்கி இருந்தபோது, மண்வெட்டி எகிறி அவன் கண்ணில் மண் விழுந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

வளர்மதி மடியிலிருந்த மல்லாட்டைத் தோலை உதறிவிட்டு எழுந்து வந்தாள். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“கண்ணுல தண்ணி வுட்டுக் கழுவுண்ணே” என்றாள். “இன்னும் நாலு மொழம் வெட்டு. தண்ணி வந்துடும்.”