வெளியில் பூட்டிய வேன்

ரிடையரானதும் என் கணவர் ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்து வீடாக்கினார். ஜன்னல்களுக்குக் கம்பி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு. பின்கதவை அடைத்துத்தான் எனக்கு அடுக்களை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்து, கொடுத்துவைத்தவள் என்று என்னைச் சொல்லிவிட்டுப் போயிற்று.

முதல் பயணத்தில் பூவாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேனை நிறுத்தினோம். மீன் வாசனையே நுழையாத வீட்டில் பிறந்த மனிதருக்குத் தூண்டில் பைத்தியம். பிடிப்பதைப் படகுக்காரருக்கே கொடுத்துவிடுவார். எனக்கு மீன் வேண்டாம், படகு வேண்டும். இத்தனை வயதுவரை கடலைக் கரையில் நின்றே பார்த்து அலுத்துவிட்டது. அன்று சாயங்காலம் படகுக்காரரிடம் நானே பேசினேன். காலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வரலாம் என்றார்.

விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. பக்கத்தில் அவர் இல்லை. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. போன் செய்தால் அவர் போன் அலமாரியில் அடித்தது. உப்புத் தண்ணீர் பட்டுவிடுமாம். போன்மேல் இருந்த கரிசனம் என்மேல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மின்விசிறியும் நின்றது. தகரக் கூரை காய்ந்து, மூச்சு முட்டியது. ஜன்னல் கம்பியைத் தட்டினேன். படகுகளுக்காகக் காத்திருந்த மீன்காரப் பெண் ஒருத்தி வந்தாள்.

“சாவி எவிடெ சேச்சி?”

“கடல்ல.”

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டாள். கூட்டம் கூடிவிடும் என்று வேண்டாமென்றேன். அவர் பண்ணிய காரியத்துக்கு நான் வெட்கப்பட்டேன். அவள் பால் விடாத கட்டன்சாயா வாங்கி வந்தாள். டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. எங்கோ போய் ஒரு ஸ்ட்ரா தேடி வந்து, டம்ளரை வெளியில் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளேயிருந்து உறிஞ்சினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

பத்து மணிக்குமேல் அவர் வந்து கதவைத் திறந்தார். முகமெல்லாம் சந்தோஷம். நல்ல தூக்கத்தில் இருந்தேனாம், எழுப்ப மனசு வரவில்லையாம். ஒரு காபி கிடைக்குமா என்றார்.

“இனிமே வெளியில பூட்டாதேங்கோ” என்றேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“ஆத்துலயும் விடியக்காலம்பற கோயிலுக்கு நிர்மால்யம் தொழப் போறச்சே பூட்டிண்டுதானே போறேன்? முப்பது வருஷமா நீ ஒண்ணும் சொல்லலையே.”

எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குத்தான் போவேன். கிணற்றடியைச் சுற்றி ஆள் உயர மதில். அங்கிருந்து தெருவுக்கு வழி கிடையாது. வாசல் கதவை அந்த நேரத்தில் திறந்து பார்க்க முப்பது வருஷத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

சாவியைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்குப் படகுக்காரர் வந்து நின்றார். நான் மட்டும் போனேன். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார், எழுப்பவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை.