ஈய பெல்ட்டை வாங்கிய கை

எங்கள் நீச்சல் குளத்தில் கடலில் மூழ்கி நீந்தப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். நான் அங்கே அலுவலகக் கணக்கன். என் மேசைக்கு எதிரே இருந்த கண்ணாடி வழியே குளத்தின் ஆழமான பக்கம் முழுதும் தெரியும். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதி அவர் மனைவி சொன்னது.

மூழ்குகிறவர்கள் இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட் கட்டுவார்கள். அது இல்லாமல் உடம்பு கீழே இறங்காது. ஆபத்தில் அதை எப்போது உதறுவது என்பதை மாஸ்டர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். ஆழத்தில் இருக்கும்போது பதறி அவிழ்க்கக் கூடாது. பந்து மாதிரி மேலே பாய்ந்து நுரையீரல் கிழிந்துபோகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். ஆனால் மேலே வந்தபின் மிதக்க முடியவில்லை என்றால் யோசிக்கவே கூடாது. பக்கிளைத் திற, பெல்ட்டை உடம்பைவிட்டு விலக்கிக் கையை நீட்டு, விட்டுவிடு.

அந்தக் கடைசி வேலையை மட்டும் எங்கள் குளத்தில் யாரும் செய்வதில்லை. முன்பு ஒருமுறை ஈயம் விழுந்து அடியிலிருந்த டைல்ஸ் உடைந்து, குளத்தையே வற்ற வைத்துப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் மேலாளர் பெல்ட்டைக் கீழே போடத் தடை விதித்தார். மாணவர்கள் நீட்டுவார்கள், மாஸ்டர் வாங்கிப் படிக்கட்டில் வைப்பார்.

"டைல்ஸ் உடைஞ்சா என் மண்டை உடையும். கையில குடுங்கப்பா."

அந்த வருடம் சேர்ந்தவர்களில் அவர் மச்சினனும் ஒருவன். மனைவியின் ஒரே தம்பி, வாயாடி.

"இந்தாங்க மாமா. இனி என் பாரம் உங்க பாரம்."

"அது உங்க அக்காவைக் கட்டினப்பவே வந்துடுச்சுடா."

பயிற்சி முடிந்து கடலுக்குப் போனார்கள். மச்சினன் கடைசியாக மேலே வந்தான். முதுகிலிருந்த சிலிண்டரில் காற்று தீர்ந்திருந்தது, மிதக்க வைக்கும் சட்டையில் காற்று ஏறவில்லை. அலை முகத்தில் அடித்தது. படகின் ஏணியில் வேறொருவரை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"பெல்ட்ட விடு. விட்ருடா."

அவன் பக்கிளைத் திறந்தான். பெல்ட்டை உருவினான். மாஸ்டர் இருந்த பக்கமாக நீட்டினான். நீட்டியபடியே இருந்தான். அடுத்த அலை தாண்டியபோது அங்கே யாரும் இல்லை.

கடலடியிலிருந்து அவனை எடுத்தபோது பெல்ட் அவன் பிடிக்குள் இருந்தது.

"அவுத்துட்டானாமே," என்று அவர் மனைவி கேட்டார். "அப்புறம் ஏங்க விடல?"

"தெரியல."

அவருக்குத் தெரியும் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது என்றார் அந்த அம்மா. ஆனாலும் தினமும் கேட்டார்.

மாஸ்டர் மேலாளரிடம் போய், இனிமேல் பெல்ட்டைக் கீழேதான் போடச் சொல்வேன் என்றார்.

"கடல்ல டைல்ஸ் இல்லைன்னு ஒருத்தனுக்குத் தெரியாதா மாஸ்டர்?"

"அவன் மண்டைக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியல."

மாஸ்டர் பழைய ரப்பர் விரிப்புகளை வாங்கிவந்து, தானே மூழ்கி அடியில் பரப்பினார். ஒருவராவது கைவிடக் கற்றுக்கொண்டு போனால் போதும் என்று என்னிடம் சொன்னார். அதற்குமேல் அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

புதிய வகுப்பில் முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பக்கிளைத் திறந்து பெல்ட்டை நீட்டினார்.

"விடுங்க," என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் விட்டார். பெல்ட் விரிப்பில் விழவில்லை. மாஸ்டரின் கை அதற்குமுன் நீண்டு அதை வாங்கியிருந்தது.

"சரியா செஞ்சேனா மாஸ்டர்?"

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அவர் கை நீண்டது. மூன்றாவது முறை சொல்லாமல் கரையேறி, ஈரத்தோடு வந்து, தன்னிடமிருந்த குளத்துச் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார்.

அன்று வீட்டில், மனைவி கேட்காமலே சொல்லியிருக்கிறார்: "நான் வாங்கிப்பேன்னு நீட்டிக்கிட்டு இருந்தான்."

அந்த அம்மா அழவில்லையாம். அதன்பின் கணவர் கையில் எதையும் கொடுப்பதில்லை. நான் பார்க்கப் போயிருந்தபோதும் தண்ணீரை என் கையில் கொடுத்தார். மாஸ்டருடையதை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.