ரோகிணியின் பூனைக்கு ஒரு வழி

என் நாத்தனார் ரோகிணியைப் பற்றி கோச்சடையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்பார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவளோடு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தானே தெரியும். சண்டை போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

புருஷன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தாள். என் மாமனார் பேயாண்டி பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு, மாடி அறையில் அவரோடு இருந்துகொண்டாள். நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளினாள். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். இல்லை என்று சொல்லமாட்டேன். மருமகள் என்று ஒருத்தி இருக்கிறாளே, அவள் என்ன செய்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாமனாரின் செத்த கைப்பக்கம் சுருண்டு படுத்துக்கொள்ளும். கோணிய வாயோடு மனுஷன் சிரிப்பார். சரி, அது வெளியே போய்வர வேண்டுமே? அறைக் கதவைத் திறந்து வைத்தால் படியிறங்கி என் அடுப்படிக்கு வந்துவிடும். அந்தக் கதவு சாத்தியே இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மொட்டை மாடிக்குப் போகும் கதவு இரும்புத் தகடு, திருட்டுப் பயத்தில் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். மிச்சம் இருந்தது மொட்டை மாடியைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான்.

ரோகிணி ஆசாரி சிவனாண்டியைக் கூட்டிவந்தாள். ஜன்னலின் கீழ்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கே பிளைவுட் பலகை வைத்து, பூனை நுழையும் அளவுக்குச் சதுரமாக வெட்டினார். அதில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கீல் வைத்துத் தொங்கவிட்டு, உள்பக்கம் சின்னத் தாழ்ப்பாளும் போட்டார். பூனை முட்டித் தள்ளப் பயந்தது. முதல் இரண்டு நாள் ஷீட்டைத் தூக்கிக் கட்டி வைத்து, அந்தப் பக்கம் நெத்திலிக் கருவாட்டைக் காட்டினாள். அப்புறம் பாதி இறக்கினாள். ஒரு வாரத்தில் அது டப் டப்பென்று போய்வந்தது. நாய்க்கும் பூனைக்கும் இருக்கிற யோகம்கூட எனக்கு இந்த வீட்டில் இல்லை என்று நான் புலம்பினேன்.

ஒரு விஷயத்தில் அவள் உஷார். அமாவாசைக்கு மாமியாரை நினைத்து மொட்டை மாடிச் சுவரில் சோறு வைப்போம். காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் தண்ணீர் விடுவோம். பூனை வெளியே இருந்தால் காக்கா இறங்குமா? அதனால் அன்றைக்குக் காலையிலேயே பூனையை உள்ளே போட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பூனைதான் காக்காவுக்கு இடைஞ்சல் என்று என் வீட்டுக்காரர் அழகுராஜாவுக்குக்கூடத் தெரியாது. நான் மட்டும் கவனித்து வைத்திருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் மாமனார் போய்ச் சேர்ந்தார். போர்வையை அலசக் கீழே இறங்கியிருந்தாள் ரோகிணி, கால் மணி நேரம்தான். திரும்பி வரும்போது உயிர் இல்லை, வாய் திறந்திருந்தது. தண்ணி கேட்டிருப்பாரு மதினி என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, மாடி அறை ரோகிணி உயிரோடு இருக்கும் வரை அவளுக்குத்தான் என்று மாமனார் குழறிக் குழறிச் சொல்லியிருந்தார். என் மகன் செல்வக்குமாருக்குத் தையில் கல்யாணம். புதுப்பெண்ணை எங்கே படுக்க வைப்பது? இவரைக் கேட்டால், முதல் வருஷத் தெவசம் முடியட்டும், அப்பா வாக்கை எப்படி மீறுவது என்றார்.

தெவசத்தன்று சமையல் முழுக்க ரோகிணிதான். பூனையை உள்ளே போட்டுத் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் மாடியேறினேன். தாழ்ப்பாளை நீக்கி, பிளாஸ்டிக்கை விரலால் தட்டினேன். பூனை வெளியே போனது.

மொட்டை மாடிக் கதவைத் திறந்து இருபது பேர் போய் நின்றோம். சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டோம். முருங்கை மரத்தில் காக்கைகள் வந்து உட்கார்ந்து கத்தின. ஒன்றும் இறங்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். டம்ளரில் தண்ணீர் வைக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஈரத்தில் பூனை படுத்திருந்தது. பழையபடி வந்து என் இடத்தில் நின்றுகொண்டேன்.

அவருக்கு என்னமோ மனக்குறை இருக்கு என்றார் இவருடைய சித்தப்பா. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ரோகிணி முன்னால் போய், கொதிக்கிற தளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி குடுக்காம விட்டுட்டேம்ப்பா. தப்புதாம்ப்பா. ஒரு வாய் எடுத்துக்கப்பா."

அந்தா பூனை கிடக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. பாவி நான், விழுங்கிவிட்டேன்.

சோற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டு எல்லாரும் கீழே இறங்கினார்கள். நான் கடைசியாகத் தங்கி, பூனையை ஜன்னல் வழியாக உள்ளே விரட்டி, அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். ரோகிணி அழுதுவிட்டு வந்து பார்க்கும்போது அது கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பூனை வெளியே இருந்திருக்குமோ என்று அவளுக்கு இருந்த ஒரே சந்தேகமும் தீர்ந்தது.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அப்பாவுக்கே மனசில்லாதபோது எந்த முகத்தோடு அந்த அறையில் இருப்பேன் என்று அவளே அண்ணனிடம் சொன்னாள். பழங்காநத்தத்தில் பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்து, பக்கத்திலேயே மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். ஹாஸ்டலில் பூனை வைத்துக்கொள்ள முடியாது. அதைப் போகவர விட்டால் போதும் மதினி என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரி என்றேன். பத்தே நாளில் சிவனாண்டியைக் கூப்பிட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். பூனை மூன்று நாள் வெளியே நின்று கண்ணாடியில் தலையால் முட்டியது. நாலாம் நாள் வரவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போது மொட்டை மாடியில் பூனை இல்லை. நான் சோற்றை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காக்கா கொத்திக்கொண்டு போய்விடுகிறது.

அமாவாசைக்கு அமாவாசை, காக்கா எடுத்ததா என்று ரோகிணி போன் பண்ணிக் கேட்பாள். எடுத்தது என்று சொன்னால் அப்பா மனசு ஆறிவிட்டது என்று நினைப்பாள், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அதனால் இன்னும் இல்லை என்பேன். அப்ப நானும் பச்சத்தண்ணி குடிக்காம இருக்கேன் மதினி என்று வைத்துவிடுவாள்.

போன அமாவாசைக்குக் காக்கா எடுக்கும்போது மணி பதினொன்று. நாங்கள் சாப்பிட்டு, நான் ஒரு தூக்கமும் போட்டு எழுந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். குரலே எழும்பவில்லை.

"தலை சுத்துது மதினி. தண்ணி மட்டும் குடிச்சுக்கிரட்டுமா?"

"காக்கா இன்னும் எடுக்கலையே ரோகிணி" என்றேன்.