வெள்ளானூர் ஷெட்டில் ஒரு சிவப்புக் கார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் வினோத் கனடாவுக்குக் கிளம்பினான். அன்று காலையில்தான் அந்தச் சிவப்புக் காரை வெள்ளானூரில் அக்கா ராஜகுமாரியின் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். பானெட்டில் வைத்த சந்தனம்கூட உதிரவில்லை. இரண்டே சீட்டு, துணிக்கூரை, உட்கார்ந்தால் முட்டி மூக்கில் இடிக்கும் உயரம். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பந்தயக் காராம். இந்த நாட்டில் இதுபோல நாலைந்துதான் இருக்குமாம்.

"ரெண்டே மாசம்க்கா. என் ஃபிரெண்டு அபிஷேக் அம்பத்தூர்ல வீடு கட்டறான். முடிஞ்சதும் வந்து ஓட்டிட்டுப் போயிடுவான்."

"டேய், அந்த எடத்துல மாவுக் கடை வெக்கப்போறேன்னு சொன்னேனா இல்லியா? கிரைண்டர் வந்து நடு ஊட்ல குந்திகினு கீது."

"ரெண்டு மாசத்துல கடை எங்கயும் ஓடிடாது. நீ தினமும் கழுவி மட்டும் விடு. தூசு படிஞ்சா பெயின்ட் போயிடும்."

ராஜகுமாரி சொன்ன சொல் தவறாதவள். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, போர் தண்ணீர்க் குழாயில் ஹோஸை மாட்டிக் காரைக் குளிப்பாட்டுவாள். ஆவடி ஃபேக்டரிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும் கணவர் ஜம்புலிங்கம் செருப்பை மாட்டியபடி பெருமூச்சு விடுவார். "என் முதுகுக்கு ஒரு நாளாவது இப்டித் தண்ணி ஊத்திகீறியா?"

பொங்கல் கழிந்து அபிஷேக் வந்தான். உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்தான். குதிகால் வண்டியின் தரையைப் பொத்துக்கொண்டு ஷெட் சிமென்ட்டில் போய் நின்றது.

"அக்கா, இதை ஓட்டிட்டுப் போனா பாதி வழி நான் நடந்துதான் போகணும். துருவைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

குமணன்சாவடியில் டிங்கரிங் கடை வைத்திருந்த கிருபாகரனைப் பிடித்தாள். நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து ஒருவழியாக வந்து சேர்ந்தான். லாரியில் ஏற்றினால் வண்டி இரண்டாக மடங்கிவிடும், இங்கேயே வேலை செய்தாக வேண்டும் என்றான். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். பொட்டு அளவு இருந்த ஓட்டை, அவள் டீ போட்டு எடுத்து வருவதற்குள் தட்டு அளவு ஆகியிருந்தது.

"இன்னாப்பா, சரி பண்ண வந்தியா, துன்ன வந்தியா?"

"நான் இன்னாக்கா பண்றது? மேல பெயின்ட் கீது, உள்ள பூசி அடைச்ச பட்டி கீது, நடுவுல தகரத்தையே காணோம். வெட்டிக் கடாசிட்டு வேற தகரம் வெச்சு வெல்டு அடிக்கணும்."

வீடியோ காலில் வினோத் அலறினான். "ஐயோ, வெட்டாதீங்க! ஒரிஜினல் தகரம் போனா வண்டியே போச்சு. இங்கிலாந்துலேர்ந்து அளவெடுத்துச் செஞ்ச தரை வருது."

வெயில் காலம் வந்தது. இங்கிலாந்துத் தரை வரவில்லை. கிருபாகரனின் கேஸ் சிலிண்டரும் காருக்குத் துணையாக ஷெட்டில் குடியேறியது. ஜம்புலிங்கம் கிரைண்டருக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி நீட்டி டி.வி. பார்த்தார். எதிர் அபார்ட்மென்ட் ஜோதிகா பால் வாங்கப் போகும்போதெல்லாம், "ஆன்ட்டி, கடை எப்ப?" என்று கேட்டாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். பக்கத்துத் தெரு ஆக்னஸ் பாக்கெட் மாவு போட ஆரம்பித்திருந்தாள்.

அது தெரிந்த அன்றே ராஜகுமாரி கிருபாகரனைக் கையோடு இழுத்து வந்தாள். அவன் கதவுக்குக் கீழே சுத்தியலால் தட்டினான். துருவோடு வெள்ளை வெள்ளையாக ஏதோ கொட்டியது.

"இன்னாக்கா இது, காரா உப்பளமா?"

அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டுக் குழாயின் வாயில் படிந்து கிடக்கும் அதே பொருக்கு. பருப்பே வேகாத தண்ணீர் என்று தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களையெல்லாம் எச்சரிப்பவள் அவள்தான். மாவுக்குக் கேன் தண்ணீர்தான் என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள். அந்த உப்புத் தண்ணீரைத்தான் ஒரு நாள் தவறாமல் இதன் தலையில் ஊற்றியிருக்கிறாள். யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. கழுவச் சொன்னவனையா, கழுவிய தன்னையா, தண்ணீரையா?

"வெட்டு" என்றாள்.

"தம்பி வேணான்னு சொல்லிச்சே?"

"துரு நான் வளத்தது. ஷெட்டு என்னுது. வெட்டு, அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசவும் செய்தாள். "நீ கழுவச் சொன்னே, கழுவினேன். உப்புத் தண்ணி, ஓட்டையாச்சு. இப்போ வெட்டியாச்சு." மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

கிருபாகரன் வெல்டு அடித்த புதுத் தரையோடு கார் அம்பத்தூருக்குப் போயிற்று. கிரைண்டர் ஷெட்டுக்கு வந்தது. முதல் நாளே ஜோதிகா பாத்திரத்தோடு வந்து நின்றாள். கடையைப் படம் பிடித்து ராஜகுமாரி தம்பிக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்துகூட வரவில்லை. பொங்கலுக்கும் அப்படியே. போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. மாவு அள்ளுகிற கையோடு அடிக்கடி போனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஆயுத பூஜை அன்று கிரைண்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது.

"அக்கா, அபிஷேக் மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தானாம். தரை கல்லு மாதிரி நிக்குதாம். நீ வெட்டச் சொன்னதுதான் சரி. கோயம்புத்தூர்ல இதே மாடல் இன்னொண்ணு கிடைச்சிருக்கு. கொஞ்சம் துரு, அவ்ளோதான். வியாழக்கிழமை லாரியில உன் வீட்டுக்கு வருது. கிருபாகரன்கிட்ட சொல்லிடு. ரெண்டே மாசம். இதைக் கழுவ மட்டும் வேண்டாம்."