வட்டம் போட்ட முட்டைகள்

1991 மே 7, செவ்வாய்க்கிழமை. கோடை விடுமுறைக்கு ஆரியசாலையில் மாமா வீட்டில் இருந்தேன். எனக்குப் பத்து வயது. ஆறு மணிக்கு எழுந்தேன், பால் வாங்கி வந்தேன், மொட்டைமாடிக் கூண்டுகளில் தண்ணீர் மாற்றினேன். கீழே மாமா பருப்புக்கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

மாமா பெசன்ட் கோழி வளர்த்தார். சீனத்துப் பறவை, சேவலுக்குப் பொன்னிறக் கொண்டை. பெட்டைகள் இரண்டு. இரண்டு வயதுப் பெட்டை நிறைய முட்டையிட்டது. ஆறு வயதுப் பெட்டை குறைவாக இட்டது, ஆனால் பெரிதாக இட்டது. இரண்டின் முட்டைகளிலும் ஐந்தைந்தை எடுத்து ஒரு நாட்டுக்கோழிக்கு அடைவைத்திருந்தோம். முட்டைகளை அளந்து எழுதுவதும் பென்சிலால் குறி போடுவதும் என் வேலை. மூத்ததற்கு வட்டம், இளையதற்குப் பெருக்கல்.

மூத்ததன் முட்டை போன வருஷம் ஒன்றுகூடப் பொரியவில்லை. இம்முறையும் பொரியாவிட்டால் அதைச் சாலைச் சந்தையில் தள்ளிவிடுவதாக மாமா சொல்லியிருந்தார்.

“வயசு ஏறினா முட்டை பெருக்கும், உள்ள உசுரு நிக்காது” என்பார்.

மாமிக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் பிள்ளை, ஏழாம் மாதம்.

“ஆறு வயசெல்லாம் ஒரு வயசா?” என்று அவள் கேட்டபோது மாமா சிரித்துவிட்டுப் போனார்.

அன்று அடைவைத்த இருபத்துநாலாம் நாள். நாட்டுக்கோழி அடைகிடந்த, சாக்கு அடுக்கிய மாடி அறையில் பகலிலும் இருட்டு. முட்டையைக் காதில் வைத்தால் உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல் கேட்டது. பத்தும் தட்டின. மதியத்துக்குள் ஐந்து பொரிந்தன. மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகத் தட்டுவதை நிறுத்தின. நேரம் குறித்துக்கொண்டேன். கடைசி முட்டை, மூன்று இருபது.

பொரிந்த ஓடுகள் எல்லாவற்றிலும் வட்டம்.

“கெழவி ஜெயிச்சிட்டாளே” என்று மாமா ஓடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நான் அளவு நோட்டை எடுத்து வந்தேன். அதன்படி வட்டம் போட்டவை பெரியவை. இந்த ஓடுகளோ சிறியவை. அடங்கிப்போன பெரிய முட்டைகளில் பெருக்கல் இருந்தது, அதனடியில் அழித்த வட்டத்தின் தடம். யாரோ குறியை மாற்றியிருக்கிறார்கள் என்று பெருமையோடு சொன்னேன். மாமி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாரமில்ல, விடு” என்றார். “கெழவியக் காலையில சந்தையில கொண்டுபோய்க் குடுத்திருதேன்.”

மறுநாள் நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போனபோது மூத்ததன் கூண்டு திறந்து காலியாகக் கிடந்தது. நேரே மாடி அறைக்குப் போனேன். மாமி சாக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெரிய முட்டையை வயிற்றின்மேல் அணைத்துப் பிடித்திருந்தாள்.

“இது இன்னும் தட்டுது மக்களே. வந்து கேளு.”

அவள் முட்டையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை, அப்படியே காதை வைத்தேன். முட்டை குளிர்ந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பிறகு அது என் கன்னத்தில் மெல்ல இடித்தது. மறுபடியும் இடித்தது.

ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன்: ஆறு பத்து. செத்த முட்டை. இரண்டு தட்டு.