தண்ணீர் ஒழுகிய மோட்டார்

மனைவி காலமான பிறகு மயிலாப்பூர் வீட்டில் நான் ஒருவன்தான். பேச ஆளில்லாத மாலைகளில் என் பழைய மோட்டார் காரை எடுத்துக்கொண்டு அடையாறு பக்கம் போய் வருவேன்.

சென்ற மாதம் அதன் தண்ணீர்ப் பம்பில் கசிவு கண்டது. அச்சைச் சுற்றி அடைத்திருந்த கயிறு இற்றுப்போயிருந்தது. மவுண்ட் ரோடு கடைகளில் கேட்டால், "சீமையிலிருந்து கப்பல் வரணும், சார்" என்றார்கள். எனக்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கசிவோடேயே ஓட்டிப் போனேன்.

அடையாறு பாலம் தாண்டியதும் வண்டியின் முன்பக்கம் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பதறி இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

"சாமி, தொறக்காதே! மூஞ்சி வெந்துடும்!"

வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தார். அடுத்த நொடி மூடி தெறித்து, கொதிநீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது.

எஞ்சின் ஆறும்வரை அவர் என்னோடு உட்கார்ந்திருந்தார். கசிவைக் காட்டினேன். வலை நூலை முறுக்கித் தந்தார். அதில் கிரீஸ் தடவி, அச்சைச் சுற்றித் திணித்து, நட்டை இறுக்கினேன். அவர் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"நேரமாய்டுச்சே, வூட்ல தேடமாட்டாங்களா சாமி?" என்றார். தேட ஆளில்லாத வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன்.

இப்போதெல்லாம் எஞ்சின் ஆறாமல் மூடியைத் தொடுவதில்லை. கிளம்புமுன் எதிர்வீட்டுக்காரரிடம், "ஏழு மணிக்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். நேற்று சற்றுத் தாமதமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.