கோச் வலது பக்கம் திருப்பிய மத்தியானம்

அந்தப் பெற்றோல் செட்டிலிருந்து வீதிக்கு ஏறும் இடம் இன்றும் என் கனவில் வரும். நல்ல வெயில். வெள்ளை மினிபஸ்ஸுக்குள் எட்டுப் பெண்பிள்ளைகள், எல்லோருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயது. அவர்களில் ஒருத்தி என் மகள். உள்ளரங்க உதைபந்தாட்டப் போட்டி ஒன்றுக்காகச் சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மற்றப் பெற்றோர் தங்கள் கார்களில் முன்னே போய்விட்டார்கள். ஓட்டியவர் பிள்ளைகளின் கோச். பக்கத்து இருக்கையில் நான். பெற்றோல் அடித்துவிட்டு வந்து ஏறிய கோச், நிதானமாகச் சிக்னல் போட்டு, வீதியில் ஏறி, வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வேகமெடுத்தார். ஜெர்மனியில் அப்படித்தான் ஓட்டுவார்கள். நாங்கள் இருந்தது அவுஸ்திரேலியாவில்.

அவர் இளமையில் ஜெர்மனியில் புல்தரையில் விளையாடியவர். முழங்கால் கெட்டதும் அமெரிக்காவுக்குப் போய் மண்டபத்துக்குள் ஆடும் உதைபந்துக்கு மாறினார். பிறகு மெல்பேர்னில் விளையாடி, கடைசியில் எங்கள் மேற்குச் சிட்னிக்குப் பயிற்றுவிக்க வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் அவர் ஆடிய மண்டபங்களைப் போலவே எங்கள் மண்டபத்திலும் சுற்றிவரப் பலகை அடித்திருக்கும். பந்து வெளியே போகாது, பலகையில் பட்டுத் திரும்பி வரும். "பலகையும் உங்கள் அணியில் ஒருத்திதான், அவளுக்கும் பந்து கொடுங்கள்" என்பார் பிள்ளைகளிடம். ஆட்களும் அதில் மோதுவதுண்டு. தன் மண்டை எத்தனை தரம் அடிபட்டது என்பதைப் பெரிய வீரக்கதையாகச் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மனைவி, பிள்ளை என்று அவருக்கு யாருமில்லை. பந்தை உதைக்கவே தெரியாத என்னை, மகளைக் கூட்டிவந்து சும்மா நிற்கிறேன் என்று கண்டு, முதலில் நேரம் பார்க்க வைத்தார். அடுத்த வருடம் உதவியாளனாக்கிவிட்டார். இந்த நாட்டில் என்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்த முதல் மனிதர் அவர்.

அவருக்கு மறதி தொடங்கியதை முதலில் கண்டவனும் நான்தான். ஒரே பயிற்சியை அடுத்தடுத்து இரண்டு தரம் செய்விப்பார். என் மகளோடு திடீரென்று ஜெர்மன் மொழியில் பேசுவார். ஒருநாள் கார் தரிப்பிடத்தில் தன் காருக்குள், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் வந்து சொன்னேன். "உங்களுக்கு ஏனப்பா இந்த வில்லங்கம்? அந்த மனுசன் பந்துக்காகவே சீவிக்கிறவர். வாயைத் திறந்து அவற்ற பிழைப்பிலை மண்ணைப் போடாதேங்கோ" என்றாள் மனைவி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மூத்தவர்களின் குறையை நாலு பேர் காணாமல் மூடிவைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவன் நான். ஆகவே பயிற்சிகளை அட்டையில் எழுதி அவர் கையில் வைத்தேன். பக்கத்தில் நின்று பிள்ளைகளின் பெயர்களைக் காதுக்குள் சொன்னேன். அவ்வளவு கெட்டித்தனமாகச் செய்தேன், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மினிபஸ்ஸை அவரிடம் கொடுக்கும்போதும் ஒருவரும் யோசிக்கவில்லை.

எதிரே லொறி வந்தது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "கோச், ராங் சைட்!" என்று கத்தினாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. லொறிக்காரன்தான் பிழை விடுகிறான் என்பதுபோல ஹோனை அழுத்தினார். அந்த நேரத்திலும் அவர் கையைத் தட்டிவிடலாமா என்று ஒரு கணம் கூசினேன். பிறகு பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். லொறி எங்களை உரசாத குறையாகப் போனது. மினிபஸ் புல்லுக்குள் இறங்கி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளை எண்ணினேன், எட்டு. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினேன்.

கோச் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "கழகத்தாரிடம் சொல்லிவிடாதே. பந்தை எடுத்துவிட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். திறப்பை வாங்கி, மிச்சத் தூரத்தை நானே ஓட்டினேன். மெல்பேர்னில் இறங்கியபோது மகள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். காதுக்குள் நான் பெயர் சொல்வதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, யூ நியூ? முதலே தெரியுமா உங்களுக்கு?"

"ஓம்" என்றேன். அவள் அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் சொன்னதை எல்லோரும் ஒருநேரத் தவறென்றே எடுத்துக்கொண்டார்கள்; திங்கட்கிழமை நான் கழக நிர்வாகத்தாரிடம் போய் மறதி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் அவரை நல்ல மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், கேக் எல்லாம் வெட்டி. என் பெயரை ஒருவரும் வெளியே விடவில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "நீயாவது என் பக்கம் நின்றாய்" என்றார்.

இப்போது அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அடிபட்ட மண்டைதான் காரணமா என்று மருத்துவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் இறக்கிவிட்டு நான் அவரிடம் போவேன். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. நான் உதவியாளன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதோடு இன்னொன்றும் நினைவிருக்கிறது. போய் உட்கார்ந்ததும் கேட்பார்: "என்னைக் காட்டிக்கொடுத்தது யார்? கண்டுபிடித்தாயா?"

பல மாதங்களாகத் தேடுவதாகவே சொல்லிவந்தேன். ஒரு ஞாயிறு தாங்க முடியாமல், "நான்தான், கோச்" என்று சொல்லி, அந்த மத்தியானம் நடந்ததையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே?" என்று கேட்டார். காருக்குள் வந்திருந்து விம்மி விம்மி அழுதேன். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்டார், யார் என்று. மறுபடியும் சொன்னேன். அன்றைக்குத் தேநீர்க் கோப்பையைத் தூக்கி எறிந்து, என்னை வெளியே போகச் சொல்லிக் கத்தினார். தாதி ஓடிவந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் சொல்கிறேன். சில நாள் கையைப் பிடிப்பார், சில நாள் துரத்துவார். எது நடந்தாலும் அடுத்த கிழமை அவருக்கு நினைவிருக்காது.

மகள் இப்போது கார் ஓட்டுகிறாள். "பேசாமல் தெரியாது எண்டு சொல்லுங்கோவன் அப்பா, அவருக்குத்தான் விளங்காதே" என்கிறாள். ஒருமுறை மூடிவைத்துப் பார்த்தவன் நான். இன்றைக்கும் ஞாயிறு. கதவுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே அவர் இருமுவது கேட்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.